வீட்டு வண்டி

தார்ப்பாயை அவன்தான் விலக்கினான். தங்கை கணவனின் பைக். முன்பக்கம் நசுங்கி, ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒயர்கள் தொங்கின. பின்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் முன்பு அவன் மாட்டிய புது டயரில் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை.

உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். உள்ளே தங்கையின் அழுகை ஓய்ந்திருந்தது.

“வண்டி தானா ஆடிக்கிட்டு வந்து மோதுச்சுங்கறான் லாரிக்காரன்,” என்றார் இறந்தவனின் அண்ணன். “நீங்களே பார்த்துச் சொல்லுங்க. உங்க கை பட்டா செத்த வண்டியும் ஓடும்னு என் தம்பி பீத்திக்குவான்.”

யாரோ கூப்பிட, அவர் வாசலுக்குப் போனார்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுடைய மெக்கானிக் கடைக்கு வரும் வண்டி என்றால், டயர் மாற்றியதும் இரண்டு சக்கரமும் ஒரே நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்ப்பான். சக்கரத்தைச் சுழலவிட்டு, கனமான பக்கத்துக்கு எதிரே ஈயத்துண்டு ஒட்டுவான். அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். பின் அச்சைக் கண்மதிப்பில் வைத்து நட்டை முடுக்கிவிட்டு, “வீட்டு வண்டிதானே மாப்ளே, ஞாயித்துக்கிழமை வாங்க, மிச்சத்தைப் பார்த்துக்கலாம்,” என்று அனுப்பிவிட்டான்.

மறுநாள் போன் வந்தது.

“அறுபது தாண்டினா ஒரு பக்கமா இழுக்குது மச்சான்.”

“புது டயர் அப்படித்தான் இருக்கும். ஓட்டுங்க, பழகிடும்.”

இன்று சனிக்கிழமை.

பின் அச்சின் இருபுறமும் இரும்பில் கோடுகள் வெட்டப்பட்டிருந்தன. இடப்பக்கம் அச்சு மூன்றாவது கோட்டில் நின்றது. எட்டி வலப்பக்கத்தைப் பார்த்தான். சட்டைப்பையில் ஸ்பேனர் இருந்தது. நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் திருகினால் போதும், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். கை பைக்குள் போனது.

“அண்ணா.”

தங்கை பின்னால் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“வேகமா போயிருப்பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரு அப்படி ஓட்டமாட்டாரு. வண்டியில ஒண்ணும் இல்லல்ல?”

அவள் நகரவில்லை. பையிலிருந்து கை வெறுமையாக வெளியே வந்தது.

“இங்க வா. இந்தக் கோடு தெரியுதா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அச்சு ஒரே எண்ணிக்கையில நிக்கணும்.”

அவள் குனிந்து நகத்தால் தொட்டு எண்ணினாள். “மூணு.”

எழுந்து, சீட்டைப் பிடித்தபடி மறுபக்கம் போனாள். அவன் நிமிரவில்லை. இரும்பில் நகம் உரசுவது மட்டும் கேட்டது.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

நகம் அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது.