இரண்டு முறை விழுந்த ஐந்து

வெர்லினின் மண்டையை எதைக்கொண்டு உடைத்துக் கொன்றார்கள் என்று செய்தித்தாளில் வந்திருந்தது. வீட்டிலிருந்து என்ன போயிற்று என்று வரவில்லை. போலீசுக்கே அது தெரியாது. அச்சில் பிசகிப்போன பழைய விற்பனை வரிக் காசு வில்லைகளைச் சேர்ப்பவர்கள் அரிசோனாவின் அந்த வட்டாரத்தில் இரண்டே பேர். ஒருவர் வெர்லின். இன்னொருத்தி லொரீன்.

பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் மத்தியான வெயிலில், ஒருவன் லொரீன் வீட்டுக் கதவைத் தட்டினான். பெயர் ரோய்ஸ் என்றான். பழைய வில்லை ஒன்றுக்கு மதிப்புச் சொல்ல வேண்டுமாம். மாதத்துக்கு நாலு பேர் இப்படி வருவார்கள். மேசை முன்னால் உட்காரவைத்து ஐஸ் டீ கொடுத்தாள்.

"ரோட்டுல முட்டைய உடைச்சு ஊத்துனா ஆம்லெட் ஆயிடும் மேடம்."

"உங்க டிரக்கு மேலயே ஊத்தலாம், தம்பி. சரி, எடுங்க. நட்டுக்குப் போடுற வாஷரைக் கொண்டாந்து காட்டுறவங்கதான் பாதிப் பேர்."

அவன் சிரித்துக்கொண்டே காகிதக் கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே ஒரு செப்பு வில்லை. முப்பதுகளில், விற்பனை வரியின் சில்லறைக்காக மளிகைக் கடைகளில் புழங்கியது. லொரீன் வழக்கம்போல மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். கண் ஏமாறும், தாள் ஏமாறாது என்பது அவள் கணக்கு.

தாளில் ஓர் ஐந்து எழும்பியது. அதன்மேல் சாய்வாக இன்னோர் ஐந்து. பிறகு விளிம்பில், எலி கடித்ததுபோல் ஒரு வளைவு.

பென்சில் நின்றது.

ஒரு பிசகைப்போல இன்னொன்று விழாது. மார்ச் மாதம் இதே தேய்ப்பு அவளுக்குத் தபாலில் வந்திருந்தது. 'உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. நல்லா வயிறெரி! வெர்லின்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அந்தத் தாள் இந்த மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. அதன்மேல் இப்போது ரோய்ஸின் டீ டம்ளர் நிற்கிறது.

இவன் போக வேண்டும். கதவைப் பூட்டிவிட்டுப் போன் செய்ய வேண்டும். அதுவரை முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது.

"போலி," என்றாள். குரல் அவளுடையதாகவே இருந்தது. "பட்டறையில வச்சு அடிச்சிருக்கான் எவனோ. ரெண்டாவது அஞ்சைப் பாருங்க, செம்பு நசுங்கியிருக்கு."

"ஒண்ணுமே தேறாதா?"

"பாட்டில் மூடி அளவுக்குத் தேறும்."

அவன் வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். தொப்பியை வைத்தான். கம்பிவலைக் கதவுவரை போனான். லொரீன் மூச்சை மெதுவாக விட்டாள். அவன் நின்றான்.

"டூசான் டவுன்ல மூணு பழங்காசுக் கடை ஏறி இறங்குனேன் மேடம். மூணு பேரும் வில்லையத் தொடுறதுக்கு முன்னாடியே ஒரே கேள்விதான் கேட்டாங்க."

அவளுக்குத் தெரியும். முப்பது வருடமாக எல்லாரிடமும் தேய்த்து முடித்த கையோடு அவளும் அதைத்தான் கேட்பாள். இன்றைக்குத்தான் கேட்கவில்லை.

"நீங்க மட்டும் கேக்கவே இல்லையே?"

"போலிக்கு எதுக்கு ஊரும் பேரும்?"

"இருக்கலாம்." அவன் கதவை உள்பக்கமாகக் கொக்கி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "பரவால்ல, இப்பக் கேளுங்க."

போன் சமையலறையில் இருந்தது. நடுவில் அவன் முழங்கால்கள். லொரீன் மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

"எங்க கிடைச்சுது, தம்பி?"

யோசிப்பதுபோல் அவன் டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். டம்ளரைக் கீழே வைக்கப் போனவன் நிறுத்தினான். ஈர வளையத்தைப் புறங்கையால் துடைத்தான். குனிந்து, பள்ளிப் பிள்ளைபோல் உதடசைய, கண்ணாடிக்குள் இருந்ததைப் படித்தான்.

பிறகு வெர்லினின் பெயர்மேல் விரலை வைத்தான்.

"இவர்கிட்டதான்," என்றான்.