ஏழு சுற்று

ஸெல்லா தன் அண்ணனின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவப் போனபோது எஸ்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு பக்கம் போதும். மத்தியானம் ஹார்கிஸ் வருவான், அவன் எப்பவும் எனக்கு இடப் பக்கம்தான் உட்காருவான்."

"அடக்கக் கூடத்துக்காரங்க ரெண்டு பக்கமும் பாப்பாங்களே" என்றாள் ஸெல்லா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நீடித்தது. அவர் மூக்கில் விலகிப்போன ஆக்ஸிஜன் குழாயை அவள் சரி செய்தாள். பிறகு வலது கன்னத்தையும் மழித்தாள். அவர் தடுக்கவில்லை.

காலையில் வந்த நர்ஸ் சமையலறையில் வைத்து அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள், இன்றைக்கோ நாளைக்கோ என்று. எஸ்டிலுக்கு எண்பத்து நான்கு வயது. அதில் நாற்பது வருஷம் நிலக்கரி லாரி ஓட்டினார். ஐம்பத்தாறு வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் பிடில் வாசித்தார். தீயணைப்பு வண்டிகளை வெளியே ஓட்டி நிறுத்திவிட்டு அந்தத் தரையில்தான் ஆட்டம் நடக்கும். போன சனிக்கிழமைகூட ஆக்ஸிஜன் உருளையை நாற்காலி பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு நான்கு மெட்டு வாசித்தார். லெக்ஸிங்டன் நகரத்திலிருந்து வந்திருந்த பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்களாம். "படம் அப்புறம் பிடிக்கலாம், முதல்ல காலைத் தூக்கி ஆடுங்க" என்றாராம். இதெல்லாம் ஹார்கிஸ் சொல்லித்தான் ஸெல்லாவுக்குத் தெரியும். அவள் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

மத்தியானம் ஹார்கிஸ் வந்தார். பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிறவர். எஸ்டிலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து இருப்பவர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல இடப் பக்கம் உட்கார்ந்தார். இரண்டு கிழவர்களும் நாய்களைப் பற்றியும், ஆற்றங்கரைப் பாலத்தை எத்தனை மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசினார்கள். பேச்சு தீர்ந்தபோது எஸ்டில் சுவரைக் காட்டினார். பிடில் ஆணியில் தொங்கியது.

"எடுத்து வாசி."

"நான் பாஞ்சோக்காரன்ப்பா."

"தெரியும். மரம் அறுக்கற மாதிரிதான் வாசிப்பே. அதுக்குத்தான் இவளைக் கூப்பிடப் போறேன்." கதவருகே துண்டு மடித்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தார். "ஸெல்லா, குச்சியை எடு. இவனை நேரா ஓட்டு."

சின்ன வயதில் அண்ணன் பிடில் வாசிப்பான், தங்கை குச்சி தட்டுவாள். வாசிக்கிறவனின் தோளை ஒட்டி நின்றுகொண்டு, வில் ஓடும் இடத்துக்கும் விரல் அழுத்தும் இடத்துக்கும் நடுவே உள்ள தந்தியில், இரண்டு மெல்லிய குச்சிகளால் தாளம் தட்ட வேண்டும். ஒரே பிடிலுக்கு இரண்டு பேர். மூச்சு படும் தூரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் இரண்டு பேருக்கும் மெட்டு கெடும். அம்மா தன் பின்னல் ஊசிகளைக் குச்சியாக வைத்துக்கொள்ளக் கொடுத்தபோது ஸெல்லாவுக்கு ஏழு வயது. முப்பத்தோரு வயது வரை தட்டினாள்.

அந்த வருஷம்தான் சுரங்கக் கூரை இடிந்து அவள் புருஷன் போனான். பிள்ளைகள் கிடையாது. ஓடைக்கரைச் சபைப் பெண்கள் வந்து பதினொரு நாள் அவள் கூடவே இருந்தார்கள். வெர்லி என்பவள் ராத்திரி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். அடுத்த வசந்தத்தில் ஸெல்லா அந்த ஓடையில் ஞானஸ்நானம் பெற்றாள். அந்தச் சபையில் வாத்தியம் கிடையாது. சேர்ந்தவர்கள் வாசிக்கக் கூடாது, வாசிக்கிற இடத்தில் உட்காரவும் கூடாது. அவள் ஊசிகளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர் வேறு யாரையும் பக்கத்தில் நின்று தட்ட விடவில்லை. மனைவி இறந்து, தங்கை வீட்டோடு வந்த இந்த இருபது வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அவர் பிடிலை எடுத்தால் அவள் எழுந்து வெளியே போவாள். வீட்டில் இருந்த வழக்கங்களில் அதுவும் ஒன்று.

"அடுப்புல பயறு வெந்துகிட்டிருக்கு" என்றாள் ஸெல்லா.

"நான் இன்னிக்குப் பயறு சாப்பிடப் போறதில்லை."

"துணி வேற காயுது அண்ணே. மழை வந்துடும்."

ஜன்னல் வழியே தெரிந்த வானத்தில் ஒரு மேகம் இல்லை. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கொடியில் அவருடைய படுக்கை விரிப்புகள் காய்ந்தன. முதல் கவ்வியைக் கழற்றும்போது மெட்டு தொடங்கியது. 'மழைக்கு முன் வைக்கோல்' என்று அதற்குப் பெயர். மேல் பகுதி இரண்டு தடவை, கீழ்ப் பகுதி இரண்டு தடவை, அதோடு ஒரு சுற்று முடியும். ஹார்கிஸ் நிஜமாகவே மரம்தான் அறுத்தார். கீழ்ப் பகுதிக்குத் திரும்பும் இடத்தில் எஸ்டிலின் குரல் கேட்டது. "கீழே." வலுவில்லாத குரல்தான், ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. இரண்டாவது சுற்றிலும் விழுந்தது. காதில் வாங்கக் கூடாது என்று அவள் விரிப்பின் ஓரங்களைச் சேர்ப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

மூன்றாவது சுற்றில் குரல் வரவில்லை. தூங்கியிருப்பார் என்று நினைத்தாள். ஹார்கிஸுக்குத் தோளில் பழைய அடி உண்டு. மூன்று சுற்றுக்கு மேல் அவரால் வில்லைப் பிடிக்க முடியாது. நான்காவது சுற்று தொடங்கியபோது, இந்தக் கிழவனுக்கு இன்றைக்கு என்ன வீம்பு என்று நினைத்தாள். ஐந்தாவதில் கையில் இருந்த கவ்வியைக் கூடையில் போட மறந்து அப்படியே நின்றாள். ஆறாவதில் வில் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. திரும்பும் இடம் வந்தது, போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழாவதும் முடிந்து அமைதியானது.

ஸெல்லா விரிப்பை மடித்தாள். நான்கு முனையும் சேரவில்லை. உதறி மறுபடி மடித்தாள்.

பின்கதவில் ஹார்கிஸ் வந்து நின்றார். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்போ?" என்றாள்.

"மூணாவது சுத்துல."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

ஹார்கிஸ் கூடையைப் பார்த்தார். "நிறுத்தினா நீ உள்ளே வருவே. வந்தா பாப்பே."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். அண்ணனுக்குக் கண் பாதி மூடியிருந்தது. இரண்டு கன்னமும் வழவழவென்று இருந்தன. பயறு அடிப்பிடித்த வாசனை வந்தது. போய் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் அடக்கக் கூடத்தில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். ஊரே வந்தது. ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பூட்ஸ் காலோடு வந்து ஒரு பக்கம் நின்றார்கள். நீளப் பாவாடையும் வெட்டாத கூந்தலுமாய்ச் சபைப் பெண்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஸெல்லா நடுவில், பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். வெர்லி அவள் கையை விடவேயில்லை. வெர்லிக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அரை மணிக்கு ஒரு தரம், ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று ஸெல்லா பொய் சொன்னபோதெல்லாம் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து மடியில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஐந்து சேர்ந்துவிட்டது.

காபி வைத்திருந்த அறையில் ஹார்கிஸ் அவளைத் தனியாகப் பிடித்தார். கல்லறையில் ஒரு மெட்டு வாசிக்க வேண்டும் என்று, எஸ்டிலோடு சனிக்கிழமைகளில் வாசித்த மூன்று பேரும் முடிவு செய்திருந்தார்கள். ஹார்கிஸ், கிட்டார் வாசிக்கிற தபால்காரர், ஆள் உயரப் பேஸ் வாசிக்கிற, பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்.

"சபைக்காரங்க பாடிட்டுப் போகட்டும். அப்புறம்தான் வாத்தியத்தை வெளியே எடுப்போம்" என்றார்.

"அப்போ என்கிட்ட எதுக்குக் கேக்கறே? வாசிங்க."

"அவனுக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான். நீ எழுந்து போயிட்டா நாங்க யாருக்கு வாசிக்கறது? காலி நாற்காலிக்கா? அப்படீன்னா வேண்டாம், விட்டுடறோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இந்த வயதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது.

சபையை நடத்தும் மூப்பர் டால்மெட்ஜிடம் அவளே போய்க் கேட்டாள். அவர் நல்ல மனிதர். அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது எழுபது வயதில் ஏணி ஏறியவர். எஸ்டில் சபையில் சேராதவர், ஆனாலும் ஸெல்லாவுக்காகத்தான் எல்லோரும் வருகிறோம் என்றார். கல்லறை மலையில் அவர்கள் பாடி முடித்த பிறகு அங்கே என்ன நடந்தாலும் அது சபையின் காரியம் இல்லை என்றார்.

"நான் அங்கே உட்கார்ந்திருந்தா?"

"சகோதரி ஸெல்லா, நாங்க இறங்கிப் போறப்போ யார் கூட வர்றாங்க, யார் வரலைன்னு எல்லாரும் பாப்பாங்க. சனிக்கிழமை சபைக் கூட்டத்துல யாராவது எழுந்து உங்களை விலக்கணும்னு கேட்டா, கேக்காதீங்கன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க மன்னிப்புக் கேட்டா அதோட முடிஞ்சுது."

"கேக்கலைன்னா?"

"கேளுங்க" என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி.

அன்று வீட்டுக்கு வந்து அவள் இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்துவிட்டாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். இனிமேல் வாசல் கதவைத் தட்டப் போகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தாள். வெர்லி, மூப்பர், வெர்லியின் நாத்தனார், ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொண்டு போகிற வேன்காரர். எல்லோரும் சபை ஆட்கள். வேறு பெயர் ஒன்றும் வரவில்லை.

அடக்கம் அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு. கல்லறை மலை செங்குத்தானது. ஆண்கள் பெட்டியை இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். அவளுக்காக ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தது. மூப்பர் டால்மெட்ஜ் ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில் ஓதிக் கொடுக்க, மற்றவர்கள் அதை இழுத்து இழுத்துப் பாடினார்கள். ஸெல்லாவும் பாடினாள். அந்தப் பாட்டை அவள் இந்த மலையிலேயே எத்தனையோ தரம் பாடியிருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் வாத்தியப் பெட்டிகளைத் திறக்காமல் நின்றார்கள். பேருந்து ஓட்டுநர் பேஸை உறையோடு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள், தூங்கிப்போன பிள்ளையைப் போல.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து ஸெல்லாவுக்குக் கை கொடுத்தார்கள். சிலர் குனிந்து கட்டிக்கொண்டார்கள். மூப்பர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு இறங்கத் தொடங்கினார்கள்.

வெர்லி மட்டும் நின்றாள்.

"வா ஸெல்லா. வண்டியில கோழிக் குழம்பு ஆறுது."

"நீ போ."

"மலையை எப்படி இறங்குவே?"

"நடந்து."

"உன் முழங்காலை வச்சுக்கிட்டா?"

ஸெல்லா மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "அவர் போறப்போ நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், வெர்லி."

வெர்லி அவளையே பார்த்தாள். வேலிக்கு அப்பால் நின்றவர்களைப் பார்த்தாள். "நீ உட்கார்ந்திருந்தா நானும் உன் பக்கத்து பெஞ்சுல உட்கார முடியாமப் போயிடும். அது தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"நாப்பத்தெட்டு வருஷம்டி."

"ஆமா."

வெர்லி பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல் கல்லாய்க் கால் வைத்து இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே ஒவ்வொரு காராகக் கிளம்பியது. சரளைக் கல் நெரியும் சத்தம் ஒவ்வொன்றாக வளைவில் மறைந்தது.

ஹார்கிஸும் மற்ற இருவரும் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். சுருதி பார்த்தார்கள். யார் பிடில் வாசிப்பது என்று அவள் கேட்டாள். "அன்னிக்கு வாசிச்சதே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்றார் ஹார்கிஸ். "அவன் இருந்தா எப்படிக் கூட வாசிப்போமோ அப்படியே வாசிக்கறோம்."

தொடங்கினார்கள். பாஞ்சோ பின்னால்தான் ஓடியது. கிட்டாரும் பேஸும் தாளத்தைத் தாங்கின. பிடிலின் மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் யாரும் வாசிக்கவில்லை. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஸெல்லாவுக்கு ஒவ்வொரு சுரமும் கேட்டது. மேல் பகுதி ஒரு தடவை, இரண்டாவது தடவை. திரும்பும் இடம் நெருங்கியது. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கீழே" என்றாள் ஸெல்லா.

அவர்கள் திரும்பினார்கள்.

மலையடியில் ஒரு கார் இன்னும் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்பது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. அது வெர்லியின் கார்தான் என்று தெரிய அவள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது சுற்று தொடங்கியபோது அந்த என்ஜின் சத்தம் நின்றது. கார்க் கதவு திறக்கிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.