புனிதருக்கு முன்னே ஓடுதல்

மலையுச்சியில் ஊர் கட்டியவர்கள் பகைவருக்கு அஞ்சிக் கட்டினார்கள் என்று சரித்திரம் சொல்லும். ரோக்காமோராவில் பிறந்த எங்களைக் கேட்டால், எதிர்க்குன்றில் இருக்கும் பெத்ராரோவைக் குனிந்து பார்ப்பதற்காகவே கட்டினார்கள் என்போம். பெத்ராரோக்காரர்களும் எங்களைப் பற்றி அவ்வாறே சொல்வர். இரண்டு குன்றும் ஒரே உயரம் என்று நில அளவையாளர் ஒருவர் எப்போதோ எழுதிவைத்தார். அதன்பின் இரண்டு ஊரிலும் அவருக்கு ஒருவரும் காப்பி வாங்கித் தந்ததில்லை.

ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று இவ்விரு குன்றுகளையும் கோத்து ஓர் ஓட்டம் நடைபெறும். எங்கள் வாயிலில் தொடங்கி, ஒலிவத் தோப்புகளின் வழியே ஆற்றுக்கு இறங்கி, பெத்ராரோவின் கீழ்வாயிலுக்கு ஏறி, அவ்வூர்க் கோவில் முற்றத்தைக் கடந்து, மேல்வாயிலில் வெளிப்பட்டு, கருவாலி என்னும் ஓக் மரக் காட்டைச் சுற்றி மறுபடி எங்கள் வாயிலுக்கே வந்து சேரும் பத்தொன்பது கிலோமீட்டர். பாதையை வகுத்தவன் எங்கள் தபால்காரன் ஜினேசியோ. பெத்ராரோவுக்குள் இருக்கும் பகுதியை மட்டும் அவன் வரைபடத்தைப் பார்த்தே வகுத்தான். அவ்வூர்ப் பெண்ணை மணந்தவனாயினும் அந்த மதிலுக்குள் கால்வைப்பதில்லை என்பது அவன் விரதம். கல்யாணத்தைக்கூட எங்கள் ஊரில்தான் வைத்துக்கொண்டான்.

அந்த ஆண்டு ஓட்டத்தில் ஒரு பந்தயமும் சேர்ந்துகொண்டது. ஜினேசியோவின் மைத்துனன் எவாரிஸ்தோ பெத்ராரோவின் கால்நடை மருத்துவன். மூன்று ஆண்டுகளாக ஓட்டத்தில் முதலில் வருபவன். உயிர்ப்புத் திருநாளன்று, ஆட்டிறைச்சி விருந்து முடிந்த மயக்கத்தில் அவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"மச்சான், உனக்குக் காலு தபால் போடத்தான். ஓடுறதுக்கு இல்ல."

"நீ மாட்டுக்குப் பின்னாடி ஓடிப் பழகினவன். எனக்குப் பின்னாடியும் ஓடிப் பாரு."

"சரி. தோத்தவன் ஜெயிச்சவனோட ஊர்ப் புனிதரைச் சுமக்கணும். கச்சையும் கட்டணும். சம்மதமா?"

சம்மதம் என்று ஜினேசியோ சொல்லிவிட்டான். தன் ஊர்ப் பாதுகாவலரின் சப்பரத்தைத் தோளில் ஏந்துவது ஒருவன் தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பெருமை. அடுத்த ஊர்ப் புனிதரைச் சுமப்பதோ அவன் பேரப்பிள்ளைகளும் கேட்டுத் தலைகுனியும் செய்தி. சப்பரம் தாங்குவோர் மார்பின் குறுக்கே கட்டும் பட்டுக் கச்சை, எங்கள் புனித தெரென்சியோவுக்குச் சிவப்பு. அவர்களுடைய புனித சவினோவுக்குப் பச்சை. ஜினேசியோ பச்சைக் கச்சை கட்டினால் அவன் கையால் கடிதம் வாங்க எங்கள் ஊரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். அவனுக்கும் அது தெரியும். அன்றிலிருந்து தபால் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியே கடிதம் கொடுத்தான். எங்கள் ஊருக்குக் கடிதங்கள் அவ்வளவு விரைவாக வந்த வசந்தகாலம் வேறில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஓட்டம் தொடங்கியது. நகரத்திலிருந்து வந்த நாற்பது பேரும் ஆற்றுப்பாலத்தருகே பின்தங்கிவிட்டார்கள். விளைந்த கோதுமை இருபுறமும் பொன்னாய்ச் சாய்ந்திருக்க, ஏற்றத்தில் ஜினேசியோ தனியாக முன்னே போனான். பெத்ராரோவின் கீழ்வாயிலை அடைந்தபோது எவாரிஸ்தோ அவனுக்கு இரண்டு நிமிடம் பின்னே இருந்தான். இருபத்திரண்டு ஆண்டு விரதத்தை முடித்து, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, ஜினேசியோ உள்ளே நுழைந்தான்.

பழங்கற்சுவர்களில் வண்ணம் பூசவோ ஆணி அடிக்கவோ தொல்பொருள் துறை விடாது. ஆதலால் எங்கள் ஓட்டத்தில் அம்புக்குறிகள் கிடையா. திருப்பத்துக்கு ஒருவர் நின்று வழி சொல்வார். பெத்ராரோவின் நீரூற்றடியில், சந்து இரண்டாகப் பிரியும் இடத்தில், இறைச்சிக்கடை அர்ஜியா நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"நேரே போங்க."

எதிரே நேராக இருந்தது சுவர். எங்கள் ஊரில் நேரே என்றால் ஏறாமல் இறங்காமல் போகும் வழி என்று பொருள். கிழவனும் கழுதையும் மூச்சுவாங்காமல் போகும் வழி எதுவோ அதுவே நேர்வழி. ஆகவே ஜினேசியோ சமமாகச் சென்ற இடப்புறச் சந்தில் பாய்ந்தான். அது இருமுறை வளைந்து, அர்ஜியாவின் பன்றிக்கொட்டிலில் போய் முடிந்தது. உள்ளிருந்த பன்றி அவனை மரியாதையாகவே பார்த்தது என்று பிற்பாடு சொன்னான்.

திரும்பி ஓடிவந்தவனை அர்ஜியா நாற்காலியை விட்டு எழாமல் வரவேற்றாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"நீங்கதானம்மா நேரேன்னீங்க."

"நேரேன்னா கோவிலுக்கு. இந்த ஊர்ல நேரே போனா கோவில்தான் வரும். நீங்க பன்னி கிட்டப் போனா நான் என்ன பண்றது?"

அதற்குள் எவாரிஸ்தோ வாயிலுக்குள் வந்துவிட்டான். ஜினேசியோ வலப்புறப் படிகளில் இரண்டிரண்டாக ஏறினான். கோவில் முற்றத்தை எட்டும்போது இருவருக்கும் இடையே பத்தடி இருந்தது. அங்கே இருவரும் ஒருங்கே நின்றார்கள்.

வெள்ளியன்று பெய்த ஆலங்கட்டி மழையில் பெத்ராரோவின் திராட்சைக் கொடிகள் பாதி முறிந்துபோயிருந்தன. எஞ்சிய பாதியைக் காக்கவேண்டிப் பங்குச்சாமி தோன் செரஃபீனோ அன்று காலைத் திருப்பலியில் திடீரென்று மன்றாட்டுப் பவனி ஒன்றை அறிவித்துவிட்டார். புனித சவினோ கோவிலை விட்டிறங்கி, மேல்வாயிலுக்குப் போகும் ஒரே தெருவில் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தார். சப்பரத்தின் அகலமே தெருவின் அகலம். தெரு அகலமாக இருந்தாலும் பயனில்லை. பவனி போகும்போது புனிதரை முந்திச் செல்பவன் இந்த மலைநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. புனிதருக்கு முன்னே நடப்பது சப்பரம் தாங்கிகளுக்கே உரியது. மற்றவர் பின்தொடரலாம், அவ்வளவே.

ஜினேசியோ தொப்பியைக் கழற்றினான். எவாரிஸ்தோவும் கழற்றினான். பவனி ஒரு மன்றாட்டுக்கு ஓர் அடியாக ஊர்ந்தது. புனிதர்களின் பெயர்வரிசையில் தோன் செரஃபீனோ இன்னும் மறைசாட்சிகளைத் தாண்டவில்லை.

"மூச்சு வாங்கிக்க மச்சான்," என்றான் எவாரிஸ்தோ மெல்ல. "மேல்வாசல்ல பாத்துக்கலாம். இறக்கத்துல நான் எப்படின்னு உனக்குத் தெரியும்."

ஜினேசியோவுக்குத் தெரியும். இறக்கத்தில் எவாரிஸ்தோ கன்றைத் தேடும் தாய்ப்பசுவைப் போல் பாய்வான். இரண்டு நிமிட முன்னிலை பன்றிக்கொட்டிலில் போய்விட்டது. இப்போது சமமாக வெளியேறினால் தோல்வி உறுதி.

அந்நேரத்தில் சப்பரத்தின் முன்வலது தண்டு தாழ்ந்தது. அது எவாரிஸ்தோவுக்கு உரிய இடம். அவன் ஓடப் போய்விட்டதால் ஊராட்சி எழுத்தர் ஒருவரைச் சாமி அங்கே நிறுத்தியிருந்தார். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத அவர் முழங்கால் மடங்கிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். புனித சவினோ வலப்புறம் சாய்ந்து தம் மக்களைச் சந்தேகத்தோடு நோக்கினார்.

"யாராவது வாங்கப்பா," என்றார் சாமி. "எவாரிஸ்தோ, எங்கடா போன?"

எவாரிஸ்தோ வாயைத் திறப்பதற்குள், முன்தண்டைப் பிடித்தவன் புனிதருக்கு முன்னே நடப்பான் என்பது ஜினேசியோவின் மனத்தில் மின்னிற்று. புனிதர் எவர் என்பது மின்னவில்லை. அவன் சுவரோரமாகக் குனிந்து தண்டின் அடியில் நுழைந்து தோளைக் கொடுத்தான். சப்பரம் நிமிர்ந்தது.

"அது என் இடம் சாமி," என்றான் எவாரிஸ்தோ.

"மூணு வருஷமா இந்த ஞாயித்துக்கிழமை பூசையையே விட்டுட்டு நீ ஓடிட்டிருக்க. இவரு யாரு?"

"ரோக்காமோரா தபால்காரர்."

தெருவெங்கும் தலைகள் திரும்பின. தோன் செரஃபீனோ ஒரு கணம் சிந்தித்தார். சாய்ந்த புனிதரா, அயலூர்த் தோளா என்று பார்த்தால் தோளே நலமென்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். எழுத்தரின் தோளிலிருந்து பச்சைக் கச்சையை உருவி ஜினேசியோவின் குறுக்கே போட்டு, இடுப்பருகே தம் கையாலேயே முடிச்சிட்டார்.

"கச்சையில்லாம தொடக்கூடாது. நட."

பின்னாலிருந்து எவாரிஸ்தோவின் குரல் வந்தது. "கட்டிட்டியே மச்சான். அப்ப நீ தோத்தாச்சு."

"ஓட்டம் முடியட்டும் மச்சான்."

"ஜெபம்," என்றார் சாமி.

பவனி பெயர்வரிசையில் கன்னியரைக் கடந்து, துறவியரைக் கடந்து, மேல்வாயிலை அடைந்தது. நகரத்து ஓட்டக்காரர்கள் வந்துசேர்ந்து, கையில் மெழுகுவத்திகளோடு வால்போல் நீண்டிருந்தார்கள். வழிபாடும் பாதையில் அடக்கம் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். வாயில் வளைவுக்கு அடியில் சப்பரத்தைத் தாங்குகால்களில் நிறுத்தினார்கள். முன்னிருவர் வெளியே, பின்னிருவர் உள்ளே. வளைவு முழுதும் புனிதர். சாமி நான்கு திசைகளையும் ஆசீர்வதித்தார். ஆலங்கட்டியையும் பூஞ்சையையும் காட்டுப்பன்றியையும் பெயர் சொல்லி விலக்கினார். ஆமென் என்றதும், சப்பரம் தாங்கி என்ற உரிமையில் முன்னேயே நடந்துவந்து இளைப்பாறிய எழுத்தர் தம் தண்டைப் பற்றிக்கொண்டார். சப்பரத்தைக் கோவிலுக்கு முகமாகத் திருப்பி உள்ளே நகர்த்தும்வரை வளைவில் எலியும் நுழைய முடியாது. உள்ளே எவாரிஸ்தோ இடக்காலும் வலக்காலுமாக மாறிமாறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

ஜினேசியோ புனிதரின் பாதத்தை முத்தமிட்டான். அது நன்றியாலா வழக்கத்தாலா என்று அவனே அறியான். பிறகு ஓடினான்.

கருவாலிக் காட்டில் அவன் முன்னூறு அடி முன்னே இருந்தான். இறக்கத்தில் அது நூறாயிற்று. எங்கள் மேட்டின் கடைசி வளைவில், மதில்மேல் நின்ற நாங்கள் கைதட்டத் தொடங்கி, கைதட்டலைப் பாதியில் நிறுத்தினோம். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகே அவன் தன்னைக் குனிந்து பார்த்தான். மார்பின் குறுக்கே பச்சைப் பட்டு காலைவெயிலில் தளதளத்தது.

ஓடியபடியே முடிச்சை இழுத்தான். அது இறுகிற்று. நின்றான். நகத்தால் கிள்ளினான், பல்லால் கடித்தான். பின்னால் காலடியோசை கேட்டது. நின்று அவிழ்த்தால் தோல்வி. அவிழ்க்காமல் நுழைந்தால் ஊர் முழுதும் காணும். முடிச்சைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பின்னே திரும்பி மைத்துனனைப் பார்த்தான். பிறகு, மழையில் நனைந்தே போவதென்று துணிந்தவன் நடையில், தலைநிமிர்ந்து ஓடிவந்து வாயிலைக் கடந்தான். எவாரிஸ்தோ ஆறடி பின்னே வந்து புல்லில் விழுந்தான்.

எங்கள் ஊர் வென்றிருந்தது. வென்றவன் பெத்ராரோவின் வண்ணத்தில் நின்றான். வாழ்த்துவதா வைவதா என்று மேயரே தம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஜினேசியோவின் மனைவி தெலியாதான் முன்னே வந்தாள். பெத்ராரோவில் பிறந்தவள் அவள். கணவனை மேலும் கீழும் பார்த்து, கச்சையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. சிவப்பைவிட எடுப்பா இருக்கு."

"கத்தரி எடுத்துட்டு வா தெலியா."

"பட்டுல கத்தரி வைக்கிறதாவது. யாரு முடிச்சுப் போட்டது?"

"சாமி."

அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். புல்லில் கிடந்த எவாரிஸ்தோ, தோற்றவன் தான் என்பதையே மறந்தவனாய், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாமி போட்ட முடிச்சைச் சாமிதான் அவுக்கணும் மச்சான்," என்றான். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பூசை. முன் பெஞ்சுல உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்."

"உன் ஊருக்கு நான் எப்படி வர்றது? வழியே தெரியாது எனக்கு."

"நேரே வா," என்றான் எவாரிஸ்தோ.