புல்வெளியின் குறுக்கே

சவப்பெட்டி மூடியின் கடைசித் திருகை அவள் முறுக்கிக்கொண்டிருந்தபோது மாளிகையின் மேலாளர் தோட்டக்காரர் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்கப்பா மாதிரி ஒரு தோட்டக்காரர் இனிமே கெடைக்க மாட்டார்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "இப்ப ஆளுங்க சுத்திப் பாக்க வந்துடுவாங்க. வழக்கமான வழியிலயே கொண்டு போயிடுங்க."

வழக்கமான வழி என்றால் சுரங்கம். சன்னலைத் திறந்தால் குளமும் மரவரிசையும்தான் தெரிய வேண்டும், வேலைக்காரன் தலை தெரியக்கூடாது என்று மாளிகையைக் கட்டியவர் புல்வெளிக்கு அடியில் வெட்டவைத்தது. இப்போது மாளிகைக்குள் டிக்கெட் வாங்கியவர் எவரும் நுழையலாம். சுரங்கம் மட்டும் மாறவில்லை. முப்பத்தெட்டு வருடம் அப்பா விடியற்காலையில் புல் வெட்டிவிட்டு, ஆள் வரும் நேரத்தில் அதற்குள் இறங்கிவிடுவார். குனியாமல் அதில் நடக்க முடியாது.

"பெட்டியோட எப்படி சார் போறது? திருப்பத்துல அப்பாவ நட்டுக்குத்தா நிறுத்தணும்."

"கொஞ்சம் அனுசரிச்சுக்கங்களேன்."

"அவர் அனுசரிச்சது போதும் சார். மேலயே போறோம். புல்வெளி வழியா, முன்வாசலுக்கு."

தம்பி அவளை ஓரமாக இழுத்தான். அவனுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. "அக்கா, நீ பாட்டுக்கு பஸ் ஓட்டப் போயிடுவ. நாளைக்கு இவர் மூஞ்சில முழிக்கப்போறது நான்."

"தெரியும்டா. வேணாம்னா சொல்லு."

அவன் பெட்டியைப் பார்த்தான். "அப்பா புல்லுல ஒருத்தரையும் கால் வெக்க விடமாட்டாரு. என்னையே வெரட்டி வெரட்டி அடிச்சிருக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். பிறகு அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தலைப் பக்கம் நீயும் நானும். கால் பக்கத்துக்கு ரெண்டு பேரக் கூப்புடுறேன்."

தோட்டத்து ஆட்கள் இருவர் வந்து தோள் கொடுத்தார்கள். மேலாளர் கூடவே ஓடிவந்தார்.

"உன் வேலைக்கு நான் பொறுப்பில்லப்பா, சொல்லிட்டேன்."

"சரிங்க சார்" என்றான் தம்பி. நடை நிற்கவில்லை.

மாளிகைப் படிகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவைத் தாழ்த்தினார்கள். யாரோ ஒரு குழந்தையை ஓரமாக இழுத்துக்கொண்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தியபடி நேராக நடந்தாள்.

குளத்தைத் தாண்டியதும், புதிதாகப் புல் விதைத்துக் கயிறு கட்டியிருந்த இடம் குறுக்கே வந்தது. நால்வரும் அதைச் சுற்றிப் போனார்கள்.