சர் பூ நாயர் வரை

எங்கள் வீட்டுக்குள் கிரேக்க நாடு வந்து சேர்ந்தது 2005ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஒரு கடித உறைக்குள். அனுப்பியவர் கிரெய்க், என் கணவர் மார்க்கண்டுவின் பழைய மனேஜர். துபாயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருவரும் பதினான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். ஓய்வு பெற்றுக் கிரேக்கத்தில் குடியேறிவிட்ட கிரெய்க்கிடம் அங்கே பெரிய பாய்ப்படகு ஒன்று இருந்தது. விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு அதைத் தீவு தீவாகக் கொண்டுபோக ஒரு கணவன் மனைவி தேவை. மார்க்கண்டு படகை ஓட்டலாம், பத்மாவதி சமைக்கலாம், இருவரும் அதிலேயே குடியிருக்கலாம், விசா அலுவல்களைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் நோன்புப் பெருநாள் விடுமுறை முடிவதற்குள் பதில் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

அந்தப் பத்மாவதி நான். பர் துபாயில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக முன் மேசையில் இருக்கிறேன். நோயாளிகளின் கோவைகளை எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். ஊரில் சண்டைக் காலத்தில் ஏழு வீடு மாறியவள். இந்த வயதில் எனக்கு வேண்டியது அசையாத ஒரு தரை. அதைப் பர் துபாயில் மூன்றாம் மாடியில் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"நான் வர மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனிசன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். அடுத்த நாளே தீவுகளின் பெயர்கள் சோற்றுக் கோப்பைக்கு வந்துவிட்டன. நான் மீன் குழம்பை ஊற்றுவேன், அவர் "நக்சோஸ்" என்பார். தண்ணீர் வைப்பேன், "அமோர்கோஸ்" என்பார். குளியலறைக்குள்ளும் அவற்றைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். ஐந்து கிழமை பொறுத்தேன்.

"இஞ்சருங்கோ," என்றேன் ஒரு நாள். "கொடிகாமத்திலை பிறந்து வளந்தனீங்கள். இருபது வயசுக்குப் பிறகுதான் கடலைக் கண்டது. உங்களை நம்பி நான் ஏறோணுமே?"

"கிரெய்க் எனக்கு எட்டு வருசம் பழக்கினவர், பத்மா."

"அப்ப செய்து காட்டுங்கோ. சர் பூ நாயர் தீவைக் கண்டுபிடியுங்கோ. அந்த ஜி.பி.எஸ் பெட்டி இல்லாமல். கண்டுபிடிச்சால் நான் கிரேக்கத்துக்கு வாறன். இல்லையெண்டால் இந்த வீட்டுக்குள்ளை அந்தப் பேர் கேக்கக் கூடாது."

சர் பூ நாயர் துபாய்க்கு நேர் மேற்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு சிறு தீவு. போய்ச் சேரப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நடுவில் கரை எதுவும் தெரியாது. இவரால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

கிரெய்க் போகும்போது தன் பழைய இருபத்தெட்டு அடிப் படகை இவரிடம் விட்டுப் போயிருந்தார். இவர் அதைக் கப்பல் என்பார், நான் தோணி என்பேன். அடுத்த மூன்று கிழமையும் தோணியிலேயே கிடந்தார். திசைகாட்டியைப் பாகை பாகையாகச் சரிபார்த்து அட்டவணை எழுதினார். கரையோரக் காவலிடம் அனுமதி எடுத்தார். கொண்டுபோக வேண்டிய சாமான்களுக்கு ஒரு லிஸ்ட் எழுதி என் கையில் தந்தார். அதில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, இரண்டு தேங்காயும் இருந்தது. இதற்கு வெளியே ஒன்றும் ஏற்றக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருந்தார். ஜி.பி.எஸ்ஸைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, சுற்றிவர பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் வைத்தார்.

பெருநாளின் இரண்டாம் நாள் விடியப் புறப்பட்டோம்.

படகு வாழ்க்கையை அழகாக எழுதுகிறவர்கள் யாரும் அதற்குள் சோறு வடித்தவர்களாக இருக்க முடியாது. பாய் காற்றைப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. பருப்புச் சட்டி அடுப்பில் ஒரு மூலைக்கு ஓடியது. நான் ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். மேலேயிருந்து கட்டளை வந்துகொண்டேயிருந்தது, நானும் ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தேன்.

"பத்மா, அந்தக் கயித்தை இளக்கும்!"

"எந்தக் கயிறு? இஞ்சை பதினாறு கயிறு கிடக்கு!"

"நீலம்!"

"நீலத்திலையே மூண்டு கிடக்கப்பா!"

"கெட்டிக்காரத்தனம் கதைக்காதையும். கெதியா!"

பத்து மணிக்குப் பிறகு கரை மறைந்தது. அவர் சுக்கானைப் பிடித்தபடி திசைகாட்டியில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அது சமையல் மூலையின் வெளிச்சுவரில் பதித்திருந்த உருண்டைக் கண்ணாடி. உள்ளே நிற்கும் எனக்கும் அதன் முதுகுப்புறம் தெரியும். "இருநூற்றெழுபது, இருநூற்றெழுபது" என்று நேர் மேற்குக்கான பாகையை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணிக்கொரு தரம் கொப்பியில் எழுதினார்.

இரண்டு மணிக்கே தூரத்தில் தீவு தெரிய வேண்டும். தெரியவில்லை. இரண்டரைக்கும் இல்லை. மூன்றரைக்கு அடிவானத்தில் ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீரே!" என்று துள்ளினார். "தீவு!"

"தீவு ஏனப்பா எரியுது?"

கிட்டப் போகப் போக, அவை கடலில் கால் ஊன்றி நிற்கும் எண்ணெய்க் கோபுரங்கள் என்று தெரிந்தது. ஒன்றின் உச்சியில் நெருப்பு எரிந்தது. ஒரு காவல் படகு எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. நில், உள்ளே வராதே என்று ஒலிபெருக்கியில் ஹிந்தியும் அரபும் கலந்து முழங்கியது: "ருக்கோ பாய், ருக்கோ! என்ட்ரி மாஃபி!"

மார்க்கண்டு அவசரமாகக் கொப்பியைப் புரட்டினார். நான்தான் எழும்பி நின்று கத்தினேன். "ஐயோ, சுடாதேங்கோ! நாங்கள் வழி தவறி வந்தனாங்கள்!"

ஒலிபெருக்கியில் அடுத்த குரல் தமிழில் வந்தது.

"யாரு, சிலோன்காரவுகளா? எங்கிட்டுக்கா போறீக?"

பேசியவர் ராமநாதபுரத்துச் சோலைமுத்து. அந்தப் படகில் வேலை செய்கிறவர் என்று பிறகு சொன்னார்.

"சர் பூ நாயர்," என்றார் மார்க்கண்டு, கேட்டும் கேட்காத குரலில்.

"சர் பூ நாயரா? அது தெக்கால கெடக்குண்ணே, இருவது மைலு. நீங்க வடக்க ஏறி வந்துட்டீக. இப்பிடியே விட்டா ஈரான்காரன்தேன் வந்து காபி குடுப்பான்." அவருக்குப் பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். "ஏண்ணே, காம்பஸு கீம்பஸு இல்லையா படகுல?"

"இருக்கு," என்றார் மார்க்கண்டு.

"அப்ப அதைப் பாத்து ஓட்டணும்ணே. யல்லா, கெளம்புங்க, சூப்பர்வைசர் பாத்தா என்னையத்தேன் வைவாரு."

அவர்கள் எங்களைக் கோபுரங்களிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மார்க்கண்டு பாயை இறக்கினார். பிஸ்கட் டின்னின் பிளாஸ்டரை உரித்தார். ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தார், தன் கொப்பியைப் பார்த்தார், திரும்ப ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தார்.

"நீர் சொன்னது சரி," என்றார். "எனக்கு இது சரிவராது. ஒரு கூட்டல் கழித்தல் பிழையெண்டால் பரவாயில்லை. எங்கை பிழைச்சதெண்டே தெரியேல்லை."

எனக்கு உள்ளே ஒரு கட்டு அவிழ்ந்தது போல இருந்தது. என் மூன்றாம் மாடி, என் கோவை அடுக்கு, எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டன. சந்தோசத்தில் அவருக்கு ஒரு நல்ல சாப்பாடு கொடுக்க நினைத்தேன். சம்பல் அரைப்போம் என்று உள்ளே இறங்கித் தேங்காயை உடைத்தேன். திருவலையை எடுத்தேன்.

அது லிஸ்டில் இல்லாத சாமான். மேசை விளிம்பில் பூட்டி, பிடியைச் சுற்றித் துருவுகிற பழைய இரும்புத் திருவலை, நல்ல பாரம். லிஸ்டில் தேங்காயை எழுதின மனிசனுக்குத் தேங்காய் தானாகத் துருவப்படாது என்பது தெரியவில்லை. விடியவே சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்து, சமையல் மூலைச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டியிருந்தேன்.

அதைக் கொக்கியிலிருந்து எடுத்தபோது, கண்ணுக்கு நேரே இருந்த திசைகாட்டியின் தட்டு மெல்லத் திரும்பியது. படகு திரும்பவில்லை. திருவலையைத் திரும்ப மாட்டினேன். தட்டும் பழைய இடத்துக்கு வந்தது. எடுத்தேன், போனது. மாட்டினேன், வந்தது.

வெளியே எட்டிப் பார்த்தேன். அவர் முழங்காலில் கொப்பியை வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தார்.

நான் திருவலையை எடுத்துத் தேங்காய் துருவினேன். பிறகு அதைக் கொக்கியில் மாட்டாமல், அரிசிப் பைக்கு அடியில் வைத்தேன்.

ஜி.பி.எஸ் காட்டிய வழியில், எஞ்சினைப் போட்டு, இரவு எட்டு மணி போலத் தீவின் ஓரத்தில் நங்கூரம் இட்டோம். சம்பல் நன்றாக இருந்தது என்றார். அதுகூட மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

காலையில் நான் கோப்பி போடும்போது அவர் கிரெய்க்குக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ் பிழை இருக்கோ எண்டு பாரும்."

வாசித்தேன். 'என் கணக்கை இனி நானே நம்ப முடியாது. எட்டு வருடம் நீங்கள் சொல்லித் தந்ததை நான் சரியாகப் படிக்கவில்லை. மற்றவர்களின் உயிரைப் பொறுப்பேற்கத் தகுதி இல்லாதவன் என்பதை நேற்று அறிந்துகொண்டேன்.' அழகான கையெழுத்து. ஒரு வெட்டுக்கூட இல்லை.

எரிச்சல் வந்தது. அவரில் மட்டும் அல்ல. நான் கேட்ட விலக்கு கையில் கிடைத்திருக்கிறது, அதை இந்த மனிசன் இப்படியா எழுத வேண்டும்? சாதாரணமாக 'வர வசதியில்லை' என்று எழுதினால் என்ன?

"இது பிழை," என்றேன்.

"எந்தச் சொல்லு?"

"முழுக்க."

அரிசிப் பைக்கு அடியிலிருந்து திருவலையை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். "இப்ப கொம்பஸைப் பாருங்கோ."

பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். தானே எடுத்தார், மாட்டினார், ஆறு தரம். கொப்பியில் எழுதினார்.

"இருபத்தொரு டிகிரி இழுக்குது," என்றார். பிறகு திடீரென்று, "நான் தந்த லிஸ்டிலை உது இல்லையே!"

"தேங்காயை நான் நகத்தாலை சுறண்டுறதே?"

"மனிசி கொம்பஸுக்குப் பின்னாலை இரும்புக்கடை வச்சிருக்கிறா, நான் முன்னாலை இருந்து கணக்குப் பாக்கிறன்!" என்று தலையில் கை வைத்தார். அப்புறம் கையை எடுத்தார். "எப்ப தெரியும் உமக்கு?"

"நேற்று. சம்பலுக்கு முதல்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் கிரேக்கத்துக்கு வரோணும். எனக்கு வர விருப்பமில்லையப்பா. கொம்பஸ் சரியெண்டாலும் விருப்பமில்லை, பிழையெண்டாலும் விருப்பமில்லை. இன்னொரு வீடு எனக்கு வேண்டாம், அதுவும் ஆடுற வீடு."

அவர் கொப்பியை மூடினார். கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. ரெண்டு சொல்லு. எனக்குப் பரீட்சை எல்லோ வச்சீர்."

"ஓம். அது என்ரை பிழை."

கடிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டு வெட்டினார். புதுத் தாள் எடுத்தார். "அப்ப என்ன காரணம் எழுதிறது?"

"பெண்சாதிக்கு விருப்பமில்லை எண்டு எழுதுங்கோ."

"அது மரியாதையாய் இல்லை."

"உண்மையாய் இருக்கு."

எழுதினார். பேனை ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனது. நேற்று முகத்தில் இருந்த வெட்கம் போய்விட்டது. ஆனால் ஆசை போகவில்லை, அது அப்படியே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் ஒண்டு எழுதுங்கோ. ஆனி மாதம் நான் ஒரு மாதம் லீவு போடுறன். ரெண்டு பேரும் விருந்தாளியா வாறம். நீங்கள் ஓட்டுங்கோ. நான் சமைக்க மாட்டன். எழுதுங்கோ, சமைக்க மாட்டன் எண்டதையும் எழுதுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து வேகமாக எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே வாய் தொடங்கிவிட்டது.

"முப்பது நாள். காற்று சரியாயிருந்தால் பதினொரு தீவு பாக்கலாம், பத்மா."

"மூண்டு."

"மூண்டுக்கு ஆர் கிரேக்கம் போறது? ஒன்பது."

"நாலு. கோப்பி ஆறுது, குடியுங்கோ."

"ஏழு எண்டு எழுதட்டே?"

"நாலு," என்றேன்.