அரை மணிக்குள் வராவிட்டால்

எங்கள் நகரத்துக்கு பீட்சா வந்த காலத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் சுற்றியிருப்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். சிரிப்பதற்கு விஷயமும் இருந்தது. மேலே போட்டது உருகிப்போய்விட்டது, வேறு கொடுங்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அட்டைப் பெட்டியைத் துடைத்து மறுநாள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார் இன்னொருவர். பாலாடைக்கட்டி நூலாக நீண்டுகொண்டே போவதைப் பார்த்து, "இதை எந்த இடத்துலப்பா அறுக்கணும்?" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று கேட்டார். நானும் இதையெல்லாம் சொல்வேன். சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்திவிடுவேன்.

நான் அந்தக் கடையில் அடுப்புக்கு முன்னால் நின்றவன். அதற்கு முன்பு அது செருப்புக்கடை. முழங்கால் உயரத்தில் சாய்த்து வைத்த கண்ணாடிகளை முதலாளி எடுக்கவேயில்லை. அதனால் சாப்பிட வந்தவர்களுக்குத் தங்கள் பாதங்கள் மட்டும் தெரியும். முதலாளி பல வருடம் கப்பலில் சமையல் செய்தவர். எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். மாவு பிசையும்போது தரை ஆடாமல் இருப்பது தனக்கு இன்னும் பழகவில்லை என்பார்.

வாசலை ஒட்டிய மேசையில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தவளை வாடிக்கையாளர்களும் நாங்களும் போன் அக்கா என்றே கூப்பிட்டோம். குரலில் வெல்லம் கலந்திருக்கும். பீட்சா என்று சொல்லத் தெரியாமல் திணறுகிறவர்களிடம், "நீங்க எப்படிச் சொன்னாலும் அதே ருசிதாங்க" என்பாள். அவளுடைய தம்பிதான் வீடுகளுக்கு பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் வண்டிக்காரன். பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. சிட்டாகப் பறந்து போய் வருகிறவனைச் சிட்டு என்றுதான் சொன்னோம். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு இவர்கள் இரண்டு பேர்தான்.

"அக்கா, இந்த முகவரியில நாய் இருக்கா?"

"போன்ல குரைக்கலடா."

"குரைக்காத நாய்தான் கடிக்கும்."

இப்படி ஏதாவது பேசாமல் அவன் வண்டியை எடுக்க மாட்டான்.

கடைத்தெருவின் மறு கோடியில் இரண்டாவதாக ஒரு பீட்சா கடை வந்தது. வந்த வேகத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை கட்டினார்கள்: அரை மணிக்குள் வராவிட்டால் இலவசம். எங்கள் தொலைபேசி ஊமையாகிவிட்டது. கப்பல்காரர் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதே வாசகத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். சிட்டுவுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. ஒருமுறைகூட அவன் தாமதித்ததில்லை. "பலகையில என் படத்தைப் போடுங்க முதலாளி" என்பான்.

நகரத்தில் அதுவே ஒரு பந்தயம் ஆனது. பீட்சா சொல்லிவிட்டுக் கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். ஓசியில் கிடைத்தவன் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான்.

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. சாயங்காலம் ஒரு சிறுமி அழைத்தாள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை என்றும், அப்பாவிடம் கேட்டுவிட்டதாகவும், முகவரியைத் தனக்கே சொல்லத் தெரியும் என்றும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். போன் அக்கா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். நான் அடுப்பிலிருந்து எடுத்து, வெட்டி, பெட்டியில் வைத்தேன். சிட்டு மழைச்சட்டையை மாட்டினான்.

"மழைடா. பார்த்துப் போ."

"மழைக்கு நானா பயப்படணும்? அது என்னைப் பார்த்து ஒதுங்கும்."

போய்விட்டான். அதற்குள் வேறு மேசைகளுக்கு வேலை வந்துவிட்டது. மறுபடி தொலைபேசி அடித்தது. அதே சிறுமி. துள்ளல் அடுப்பு வரை கேட்டது.

"அக்கா! அரை மணி தாண்டிடுச்சு! இன்னும் வரல! எனக்கு ஓசிதானே?"

"ஆமாடா கண்ணு. நீ ஜெயிச்சுட்ட."

"எங்க கிளாஸ்ல ஒருத்திக்குத்தான் இதுவரைக்கும் கிடைச்சிருக்கு!"

"இப்ப ரெண்டாவது ஆள் நீ." ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "துரை வந்து சேரட்டும். காதைத் திருகி கையில குடுக்கிறேன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த மணி அடித்தது. எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். ஆற்றுப்பாலத்துத் திருப்பத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் பேசியிருக்கிறார். சாலையில் நனைந்து கிடந்த அட்டைப் பெட்டியில் எங்கள் கடை எண் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து அழைத்திருக்கிறார். ஒரு லாரி திரும்பியது, வண்டி வழுக்கியது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

போன் அக்கா எழுந்து நின்றாள். ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "நீ கேளு. எனக்கு அவர் சொல்றது புரியல" என்றாள்.

கப்பல்காரர் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்தேன். திரும்பவும் தொலைபேசி அடித்தது.

"மாமா, பீட்சா இன்னும் வரல."

"இன்னைக்குக் கடை இல்லம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சிட்டு கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தான். அந்தக் கொஞ்ச நேரமும் அவனுக்கு நினைவு இருந்தது என்று டாக்டர் கப்பல்காரரிடம் சொன்னார். அதை அவர் என்னிடம் சொன்னார். டாக்டர் சொன்னபோது போன் அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

எல்லாம் முடிந்து சில நாட்களில் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். "அம்மா அழ மாட்டேங்குறாங்க. சுவரைப் பார்த்துப் படுத்திருக்காங்க. வாயைத் திறந்தா ஒரே பேச்சு. பசிக்காதவங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் செத்தான் என் பிள்ளைன்னு. அந்த வீடு விளங்குமான்னு. எனக்கு அதைக் கேட்டுக்கிட்டு உட்கார முடியல."

கப்பல்காரர் நாற்காலி போட்டு ஏறித் தன் கையாலேயே பலகையை இறக்கினார். அழைக்கிறவர்கள் அரை மணி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். அடுத்த மழைக்காலம் வரைகூடக் கடை தாங்கவில்லை. அது பிறகு நடந்தது.

ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு ஒருவர் வந்து நின்றார். மருந்துக்கடை வைத்திருப்பவர். குடையை மடக்காமலே கையில் பிடித்திருந்தார்.

"அன்னைக்கு பீட்சா சொன்னது என் பொண்ணுதாங்க" என்றார்.

போன் அக்கா தலை நிமிரவில்லை.

"பேப்பர்ல பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டோம். அவளும் படிச்சுட்டா. அன்னைக்கிலிருந்து சரியா சாப்பிட மாட்டேங்குறா. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. கடிகாரத்து முன்னாடி உட்கார்ந்து, லேட்டா வரணும், லேட்டா வரணும்னு வேண்டிக்கிட்டாளாம். தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு... நாங்க சொன்னா மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை..."

"நானா?" இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "தம்பியைப் பறிகொடுத்தவ நான். நான் வந்து உங்க பொண்ணுக்கு ஆறுதல் சொல்லணுமா? எனக்கு யாருங்க சொல்றது?"

அவர் முகம் வெளுத்துப் போனது. "தப்புதாம்மா. நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அழைத்தார்கள். எடுத்துப் பேசினாள், வைத்தாள். இன்னொருவர் அழைத்தார். அதை எடுக்காமல் எழுந்தாள்.

"அந்த முகவரி எனக்கு மனப்பாடம். வண்டியை எடு" என்றாள் என்னிடம்.

மாடி வீடு. சிறுமியின் அம்மா கதவைத் திறந்து, என் சட்டையில் கடைப் பெயரைப் பார்த்ததும் அப்படியே ஒதுங்கி வழிவிட்டாள். சிறுமி சாப்பாட்டு மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருந்தது.

போன் அக்கா தரையில் உட்கார்ந்தாள். "என்னம்மா, என்னை அடையாளம் தெரியுதா?" என்றாள்.

முகத்தைப் பார்த்தால் தெரியாது. குரல் கேட்டதும் அந்தப் பிள்ளையின் உதடு கோணியது. "போன்ல பேசின அக்கா."

"ஆமா."

"நான் லேட்டா வரணும்னு வேண்டிக்கிட்டேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போன் அக்கா எழுந்து வந்துவிடுவாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து, தானும் மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

"என் தம்பி இருக்கானே, உன் வயசுல, கணக்கு வாத்தியார் இன்னைக்கு வரக் கூடாது சாமின்னு தினமும் வேண்டிப்பான். அழுது வேண்டிப்பான். அந்த வாத்தியாருக்கு வருஷம் முழுக்க ஒரு தும்மல்கூட வரல."

சிறுமிக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே அழுகையாக மாறியது.

"வேண்டிக்கிட்டா நடக்கும்னா, ஆஸ்பத்திரியில நான் வேண்டிக்கிட்டேனே. அது நடந்திருக்கணுமில்ல? ரோடு ஈரம். லாரி பார்க்காம திரும்பிடுச்சு. அவனை அவசரமா போகச் சொல்லிப் பலகை கட்டினது பெரியவங்க. அதுல நீ எங்கேயும் இல்லடா கண்ணு."

"அவங்களுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல" என்றாள் போன் அக்கா. சற்றும் தயங்கவில்லை. "தூங்குற மாதிரி போயிட்டான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சிறுமியின் அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் நீட்டினாள். உள்ளே என்ன பேசினார்களோ, தட்டு பாதி காலியாகி வெளியே வந்தது. நாங்கள் கிளம்பும்போது அந்தப் பிள்ளை படிவரை வந்து, போன் அக்காவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மருந்துக்கடைக்காரர் கைகூப்பினார்.

கடைக்குப் போக வேண்டாம் என்றாள். வீட்டில் இறக்கிவிட்டேன். உள்ளே வா என்றதால் போனேன். ஒற்றை அறை. கொடியில் சிட்டுவின் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இந்நேரத்துல எங்கடி வந்த?"

"அந்த வீட்டுக்குப் போயிட்டு வரேம்மா."

"எந்த வீட்டுக்கு?"

"அவன் பீட்சா கொண்டுபோன வீட்டுக்கு. சொன்னது ஒரு சின்னப் பிள்ளைம்மா. பல்லு விழுந்து முளைக்கிற வயசு. தன்னாலதான் அவன் செத்தான்னு சாப்பிடாம கிடந்துச்சு."

அம்மா அசையவில்லை. நாங்கள் இருவரும் நின்றபடியே இருந்தோம். வெளியே யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப சாப்பிட்டாளா?" என்றார் அம்மா.

"சாப்பிட்டாம்மா."

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். தலைமுடியை அள்ளி முடிந்தார். முடிந்த கை பாதியில் நின்றது.

"என் பிள்ளைதான் அன்னைக்குச் சாப்பிடாம போனான். எடுத்து வெச்சேன். வந்து சாப்பிடுறேன்னான்."

சொல்லிவிட்டுத்தான் முதன்முறையாக அழுதார். போன் அக்கா ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தாள். அத்தனை நாளும் அவளும் அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன்.