தண்ணி வந்துச்சா?

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குத் தம்பி அழக்கூடாது என்று கண் டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் தையல், மேலே கட்டு. தேம்பினால் பிரிந்துவிடும், அப்புறம் பார்வை கிடைக்காது.

அவள் புருஷன் செத்து அன்றோடு ஒரு நாள். உடல் இன்னும் வந்து சேரவில்லை. அவரும் தம்பியும் ஒரே படையில் ஒயர்லெஸ் வேலை. எரிகிற வண்டியிலிருந்து தம்பியை முதுகில் சுமந்து வந்தவர் அவர்தான்.

மயக்கம் தெளிந்ததும் தம்பி கேட்டான்.

"மாமா எங்கக்கா?"

"மூணாவது வார்டுல. கால்ல அடி."

"தண்ணி வந்துச்சான்னு நான் கேட்டேன்னு சொல்லு. என்ன சொல்றார்னு கேட்டுட்டு வா."

அவள் வராந்தாவுக்குப் போய்ச் சற்று நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"வந்துச்சாம்."

தம்பி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். பிறகு, "சரி" என்றான்.

அதற்கப்புறம் அவளுக்குப் பொய் சரளமாக வந்தது.

"மூட்டை, மூட்டைன்னு உன்னைத்தான் திட்டறார். உன்னைத் தூக்கி முதுகே போச்சாம்."

"அவர் குறட்டையில வார்டே தூங்கலையாம்டா."

ஒவ்வொன்றுக்கும் தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

நான்காம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டினார். தம்பி சரியாக எண்ணினான். "இனிமே பயமில்ல" என்று அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். வாராத தலை. காலில் ஜோடி மாறிய செருப்பு.

"அக்கா, தண்ணி வந்துச்சான்னு கேட்டா, குழாய் உடைஞ்சு போச்சுன்னுதான் மாமா சொல்லுவார். ஒயர்லெஸ்ல எதிரி எங்க குரல்ல பேசி ஏமாத்தக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் வெச்சுக்கிட்டது."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ முதல் நாளே..."

"ம்."

"ஏன்டா என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவே. நான் அழுதுருவேன். அவ்வளவு தூரம் சுமந்தாரே, அது வீணாப் போயிருமேன்னுதான்..."

அந்தச் சேதியை எல்லோரும் அவளிடம்தான் சொல்லியிருந்தார்கள். அவள் வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

"உன்னை இறக்கிட்டு டிரைவரைத் தூக்கத் திரும்பிப் போனாராம். வேணாம், வேணாம்னு கத்துனாங்களாம்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவர் செத்துட்டார்டா."